எண்ணின் இடமும் எண்ணின் மதிப்பும்

(வெள்ளி விழாக் கருத்தரங்கில், மாலைநேரப் படிப்பகப் பொறுப்பாளர்களுக்கும் பெற்றோருக்கும் ஆற்றிய உரை)



வெள்ளி விழா மேடையில் பேசுவதற்குப் பெரிய பொருள்கள் பல உண்டு. உரிமை பற்றியும் ஒற்றுமை பற்றியும் எனக்கு முன் பேசிய பெரியோர் சிறப்பாக எடுத்துரைத்தார்கள். விழாக் குழுவினர் எனக்கு அளித்த தலைப்பு, தொடக்கப் பள்ளிக் குழந்தைகளுக்கு இடமதிப்பையும் தசம எண்ணையும் எவ்வாறு புரிய வைப்பது என்பதாகும். கேட்பதற்குச் சிறிய பொருளாகத் தோன்றும். ஆயினும் நம் பிள்ளைகளுள் பலர் கணக்கைக் கைவிடும் இடம் இதுவே. ஏழாம் வகுப்பிலோ எட்டாம் வகுப்பிலோ ஒரு பிள்ளை "எனக்குக் கணக்கு வராது" என்று சொல்லத் தொடங்கினால், அதன் வேரைத் தேடிச் சென்று பாருங்கள். பல வேளைகளில், மூன்றாம் நான்காம் வகுப்பில் புரியாமலே கடந்துபோன இடமதிப்பில் அது போய் முடியும். அன்று அடைபட்ட வழி பிறகு எளிதில் திறப்பதில்லை. பாலிடெக்னிக், செவிலியர் படிப்பு, மருந்தாளுநர் படிப்பு, வங்கித் தேர்வு என எங்குச் சென்றாலும் கணக்கு வாயிலில் நிற்கிறது. தமிழ்நாடு அரசுப் பணியாளர் தேர்வாணையத்தின் நான்காம் தொகுதித் தேர்வில் மட்டும் திறனறிவுக் கணக்கிலிருந்து 25 வினாக்கள் கேட்கப்படுகின்றன. ஆகவே இது ஆசிரியர்களுக்கு மட்டுமே உரிய செய்தி அன்று. நம் அனைவருக்கும் உரிய செய்தியாகும்.

கணக்கும் நம் முன்னோரும்

நம் முன்னோர் கணக்கறியாதவர் அல்லர். விரல் கணுவில் எண்ணினார்கள். சுவரில் கரிக்கோடு போட்டு வேலை செய்த நாட்களைக் குறித்து வைத்தார்கள். ஒரு வயலைக் கண்ணால் அளந்தே அதற்கு எத்தனை ஆள் வேண்டும், எவ்வளவு விதை வேண்டும் என்று சொல்லும் ஆற்றல் அவர்களுக்கு இருந்தது. அவர்களுக்கு மறுக்கப்பட்டது எழுத்துக் கணக்கு. திண்ணைப் பள்ளிகளில் எண்சுவடியும் பொன்னிலக்கமும் நெல்லிலக்கமும் சொல்லிக் கொடுத்த காலத்தில், அந்தத் திண்ணைகளில் நம்மவர்க்கு இடமில்லை. உழைத்தவர் ஒருவர், அளந்தவர் வேறொருவர், ஏட்டில் எழுதியவர் மற்றொருவர். எழுதியவர் படித்துக் காட்டியதே கணக்கு என்று ஏற்றுக்கொள்ள வேண்டிய நிலையில் பல தலைமுறைகள் கழிந்தன.

அந்த நிலையை மாற்ற முற்பட்ட பெரியோரின் வாழ்வில் நம் பகுதிக்கும் பங்குண்டு. இரட்டைமலை சீனிவாசன் அவர்கள் கோயம்புத்தூரில் கல்வி பயின்றவர். பின்னர் நீலகிரியில் ஐரோப்பியரின் வணிக நிறுவனத்தில் கணக்கராகப் பணியாற்றியவர். இலண்டன் வட்டமேசை மாநாட்டில் அண்ணல் அம்பேத்கருடன் நம் மக்களுக்காக வாதாடிய அந்தப் பெருமகனார், அதற்கு முன்பு கணக்கேடு எழுதிய கைக்குச் சொந்தக்காரர் என்பதை நம் இளைஞர்கள் மறத்தல் கூடாது. இளமையில் நீலகிரியில் வாழ்ந்த அயோத்திதாசப் பண்டிதர் 1907-இல் தொடங்கிய இதழின் பெயரே 'ஒரு பைசாத் தமிழன்' என்பதாகும். அண்ணல் அம்பேத்கர் 1923-இல் வெளியிட்ட ஆய்வு நூல் ரூபாயின் சிக்கலைப் பற்றியது. நம் தலைவர்கள் எண்ணைக் கண்டு ஒதுங்கியவர்கள் அல்லர் என்பதற்கு இவை சான்று.

இடம் என்றால் என்ன?

எண்ணை எழுதுவதற்கு உலகில் பல முறைகள் இருந்தன. பழந்தமிழ் எண்முறையில் பத்துக்கு ௰, நூறுக்கு ௱, ஆயிரத்துக்கு ௲ என்று தனித்தனிக் குறிகள் உண்டு. இருநூற்று எழுபது என்பதை ௨௱௭௰ என்று எழுதுவார்கள். 'இரண்டு நூறு, ஏழு பத்து' என்று வாயால் சொல்வதை அப்படியே எழுதிக் காட்டும் முறை அது. அங்கே சுழிக்கு வேலை இல்லை.

இன்று நாம் எழுதும் முறை வேறு. நூறுக்கும் பத்துக்கும் தனிக்குறி கிடையாது. 270 என்று எழுதினால், 2 நின்ற இடத்தால் அது இருநூறு. 7 நின்ற இடத்தால் அது எழுபது. ஒன்றுகளின் இடத்தில் எதுவும் இல்லை என்பதைச் சுழியம் காட்டுகிறது. குவாலியரில் உள்ள கோவிலொன்றில் பொது ஆண்டு 876-ஐச் சேர்ந்த கல்வெட்டில், ஒரு தோட்டத்தின் நீளத்தைக் குறிக்க இதே 270 என்ற எண் சுழியத்துடன் வெட்டப்பட்டுள்ளது. இந்த மண்ணில் தோன்றி, அரபு நாடுகள் வழியாக ஐரோப்பாவைச் சென்றடைந்த முறை இது.

இதில் நான் பெரிதும் விரும்பும் ஓர் உண்மை உண்டு. ஒன்று முதல் ஒன்பது வரை எந்த இலக்கமும் எந்த இடத்திலும் அமரலாம். ஒன்றுகளின் இடத்திற்கென்றே பிறந்த இலக்கம் என ஒன்று கிடையாது. இன்று கடைசியில் நிற்கும் 5 நாளை முன்னே வந்து நின்றால் ஐந்நூறு ஆகிறது. எதுவும் இல்லை என்று எண்ணப்படும் சுழியமோ, தான் காக்கும் இடத்தைவிட்டு விலகிவிட்டால் 105 என்பது 15 ஆகிவிடுகிறது. பிறப்பினால் இடம் விதிக்கப்பட்ட சமூகத்தில் வளரும் பிள்ளைக்கு இதனை எடுத்துச் சொல்லுங்கள். கணக்கின் மீது அதற்கு ஒரு பற்று உண்டாகும்.

குழந்தை தடுமாறும் முதற்படி

நூற்றைந்து என்று சொல்லி எழுதச் சொன்னால், சில பிள்ளைகள் 1005 என்று எழுதுவதைக் காணலாம். அந்தப் பிள்ளை அறிவில் குறைந்ததன்று. நூறு என்று காதில் விழுந்தது, 100 எழுதியது. ஐந்து என்று விழுந்தது, 5 எழுதியது. அதாவது பழந்தமிழ் முறைப்படி, சொல்லைச் சொல்லாகவே எழுதியது. 'தவறு' என்று சிவப்பு மையால் கோடு போடுவதற்கு முன், அதற்குள் இருக்கும் நியாயத்தை ஆசிரியர் காண வேண்டும்.

நம் மொழியில் இன்னொரு தடையும் உண்டு. எழுபது, எண்பது என்று பத்தின் வழியில் வந்த பெயர்கள், ஒன்பது பத்துக்கு வந்தவுடன் 'தொண்ணூறு' என்று நூறின் பெயரைத் தாங்கி நிற்கின்றன. அவ்வாறே ஒன்பது நூறுக்குத் 'தொள்ளாயிரம்' என்று ஆயிரத்தின் பெயர். நூறு என்ற ஒலி கேட்டதும் பிள்ளை மூன்று இலக்கம் எழுத முற்படுவதில் வியப்பில்லை. 'ஒன்பது பத்து சேர்ந்தால் தொண்ணூறு, ஒன்பது நூறு சேர்ந்தால் தொள்ளாயிரம்' என்று தனியே ஒரு நாள் எடுத்துச் சொன்னால் போதும்.

இதற்கு வேண்டிய கருவிகள் வீட்டிலேயே உள்ளன. தென்னை விளக்குமாற்றின் ஈர்க்குகளைச் சம அளவாக ஒடித்து, பத்துப் பத்தாக ரப்பர் வளையத்தால் கட்டுங்கள். பத்துக் கட்டுகளைச் சேர்த்து ஒரு பெருங்கட்டாகக் கட்டுங்கள். தரையில் மூன்று கட்டங்கள் வரைந்து, வலமிருந்து இடமாக ஒன்றுகள், பத்துகள், நூறுகள் என்று எழுதுங்கள். நூற்றைந்து என்றால் ஒரு பெருங்கட்டு, ஐந்து உதிரி ஈர்க்கு. நடுக்கட்டம் வெறுமையாக இருக்கிறது. 'வெறுமையை எப்படி எழுதுவாய்?' என்று கேளுங்கள். பிள்ளை தானே சுழியத்தைக் கண்டடையும். சொல்லிக் கொடுத்த சுழியத்தைவிடக் கண்டடைந்த சுழியம் நிலைத்து நிற்கும்.

அடுத்து அட்டைகள். பழைய நாட்காட்டி அட்டையில் 100, 200 முதலியன நீள அட்டையாகவும், 10, 20 முதலியன அதனினும் குறுகியதாகவும், 1 முதல் 9 வரை மிகச் சிறியதாகவும் வெட்டிக்கொள்ள வேண்டும். 100 என்ற அட்டையின் கடைசிச் சுழியத்தின் மேல் 5 என்ற அட்டையை வைத்தால் 105 கண்முன் தோன்றும். அட்டையைத் தூக்கினால் கீழே 100 இருப்பது தெரியும். இந்த ஒரு விளையாட்டினால் 1005 என்று எழுதும் பழக்கம் மறையும்.

ஒன்றுக்கு அப்பால்

இனி தசமத்திற்கு வருவோம். ஒன்றுகளின் இடத்திலிருந்து இடப்பக்கம் ஒரு படி சென்றால் பத்து மடங்கு. வலப்பக்கம் ஒரு படி வந்தால் பத்தில் ஒரு பங்கு. நூறிலிருந்து பத்து, பத்திலிருந்து ஒன்று என்று இறங்கி வந்த பிள்ளையிடம், "ஒன்றோடு ஏன் நிற்க வேண்டும்? இன்னும் ஒரு படி இறங்கினால் என்ன?" என்று கேளுங்கள். ஒன்றைப் பத்தாகப் பங்கிட்டால் பத்தில் ஒன்று. அதையும் பத்தாகப் பங்கிட்டால் நூறில் ஒன்று. தசம எண் என்பது புதிய பாடம் அன்று. பழைய இடமதிப்பே வலப்பக்கம் நீண்டு செல்கிறது. ஒன்றுகளின் இடம் எது என்று காட்டுவதே புள்ளியின் வேலை. ஒன்றுகளை நடுவில் வைத்துப் பாருங்கள்: ஒரு பக்கம் பத்து, மறுபக்கம் பத்தில் ஒன்று, ஒரு பக்கம் நூறு, மறுபக்கம் நூறில் ஒன்று. ஒழுங்கு தானே விளங்கும்.

நம் வீட்டுப் பெரியவர்களுக்குப் பின்னம் தெரியும். ஆனால் அது வேறு வழியில் வந்த பின்னம். அரை, கால், அரைக்கால், வீசம் என்று பாதி பாதியாகப் பங்கிட்டுச் செல்லும் முறை அது. பழைய ரூபாயும் அவ்வாறே அமைந்திருந்தது. ஒரு ரூபாய்க்கு 16 அணா, 64 பைசா, 192 பை. ஓர் அணா என்பது ரூபாயில் ஒரு வீசம். அயோத்திதாசர் இதழின் பெயரில் உள்ள பைசா, ரூபாயில் 64-இல் ஒரு பங்காகும்.

1955-இல் நாணயச் சட்டம் திருத்தப்பட்டு, 1957 ஏப்ரல் 1 முதல் ஒரு ரூபாய்க்கு 100 நயாபைசா என்று ஆயிற்று. பிரிட்டன் 1971-இல்தான் இம்மாற்றத்திற்கு வந்தது. இலங்கையிலோ 1872 முதலே ரூபாய்க்கு 100 சதம். 1964 ஒப்பந்தத்தின்படி தாயகம் திரும்பி நீலகிரியில் குடியமர்ந்த தோட்டத் தொழிலாளர் குடும்பங்களில், 'சதம்' என்ற அச்சொல்லை முதியோர் வாயில் இன்றும் கேட்கலாம். சதம் என்றால் நூறு. இங்கு அது நூறில் ஒரு பங்கைக் குறிக்கிறது.

அந்த மாற்றம் எளிதாக நடந்துவிடவில்லை. ஓர் அணாவுக்குக் கணக்குப்படி 6.25 நயாபைசா. கால் நயாபைசாவுக்கு நாணயம் இல்லாமையால், அரசு மாற்று அட்டவணையில் ஓர் அணாவுக்கு 6, இரண்டு அணாவுக்கு 12, மூன்று அணாவுக்கு 19, நான்கு அணாவுக்கு 25 என்று நிர்ணயித்தார்கள். ஓரணாப் பொருளை மூன்று முறை வாங்கினால் 18 நயாபைசா; ஒரே முறையில் மூன்றணாப் பொருளாக வாங்கினால் 19. ஒரு நயாபைசா வேறுபாடு ஏன் வந்தது என்று படிப்பகத்தில் கேட்டுப் பாருங்கள். பெரிய பிள்ளைகளுக்கு அது நல்ல கணக்கு.

காணாமற்போன காசு

முன்பெல்லாம் தசமம் கற்பிக்க ரூபாயும் பைசாவும் கைகொடுத்தன. இன்று அந்த வழி தளர்ந்துவிட்டது. 25 பைசாவும் அதற்குக் குறைந்த நாணயங்களும் 2011 ஜூன் 30-உடன் செல்லாதவை ஆயின. இன்றைய மூன்றாம் வகுப்புப் பிள்ளை பத்துப் பைசாவைக் கண்ணால் கண்டதில்லை. அதனிடம் 'ரூபாய் 5.10' என்று சொன்னால் அது வெறும் எழுத்து.

பணத்தில் வேறொரு கேடும் உண்டு. ரூபாய்க்கும் பைசாவுக்கும் நடுவே போட்ட வேலியாகவே பிள்ளைகள் புள்ளியைக் கருதிவிடுகிறார்கள். புள்ளிக்கு முன்னே ஓர் எண், பின்னே வேறோர் எண் என்று இரண்டாகப் பிரித்துப் பார்க்கும் பழக்கம் வேரூன்றுகிறது. 5.5 ரூபாய் என்றால் 'ஐந்து ரூபாய் ஐந்து பைசா' என்று சொல்லும் பிள்ளையின் கோளாறு இதுவே. அது ஐந்து ரூபாய் ஐம்பது பைசா அன்றோ?

ஆகவே அளவு நாடாவைக் கையில் எடுங்கள் என்பதே என் வேண்டுகோள். ஒரு மீட்டர் நீளமுள்ள காகிதப் பட்டையை வெட்டிக்கொள்ளுங்கள். அதுவே 'ஒன்று'. அதே அளவில் இன்னொன்றை வெட்டிப் பத்துச் சம துண்டுகளாக்கினால், ஒவ்வொன்றும் பத்தில் ஒன்று. அத்துண்டுகளில் ஒன்றைப் பத்தாக்கினால், ஒவ்வொன்றும் நூறில் ஒன்று, அதுவே சென்டிமீட்டர். இப்போது பிள்ளைகளின் உயரத்தைச் சுவரில் குறித்து அளந்து பாருங்கள். 1.28 மீட்டர் என்றால் ஒரு முழுப் பட்டை, இரண்டு துண்டு, எட்டுச் சிறு துண்டு. அடுத்த பிள்ளை 1.3 மீட்டர் என்றால் ஒரு முழுப் பட்டை, மூன்று துண்டு. யார் உயரம்? 28 பெரிது, 3 சிறிது என்று எண்ணியிருந்த பிள்ளை, சுவரைப் பார்த்ததும் தானே திருத்திக்கொள்ளும். 1.3 தான் இரண்டு சென்டிமீட்டர் உயர்ந்து நிற்கிறது.

வாயால் படிக்கும் முறையையும் இங்கே திருத்த வேண்டும். 1.28 என்பதை 'ஒன்று புள்ளி இருபத்தெட்டு' என்று படித்தால், அந்த இருபத்தெட்டு என்ற சொல்லே பிள்ளையைத் திசைதிருப்பிவிடும். 'ஒன்று புள்ளி இரண்டு எட்டு' என்று இலக்கம் இலக்கமாகப் படிக்கப் பழக்குங்கள். நம் ஊரிலிருந்து உதகைக்குச் செல்லும் மலைரயில் பாதையின் நீளம் 45.88 கிலோமீட்டர். 1899-இல் குன்னூர் வரையும், 1908-இல் உதகை வரையும் அமைந்த பாதை. கடல் மட்டத்திலிருந்து 326 மீட்டர் உயரத்தில் தொடங்கி 2,203 மீட்டர் உயரத்திற்கு ஏறுகிறது. 2005-இல் உலக மரபுச் சின்னங்களின் வரிசையில் சேர்க்கப்பட்டது. அந்த 45.88-இல் முதல் 8 எத்தனை மீட்டர், இரண்டாம் 8 எத்தனை மீட்டர் என்று கேளுங்கள். முதல் 8 எண்ணூறு மீட்டர். அடுத்த 8 எண்பது மீட்டர். இலக்கம் ஒன்றே, இடம் வேறு, மதிப்பு வேறு.

தராசு சொல்லும் பாடம்

மேட்டுப்பாளையம் உருளைக்கிழங்கு மண்டிகளுக்குப் பெயர்பெற்ற ஊர். நம்மவருள் பலர் அங்கே மூட்டை சுமந்தும் தரம் பிரித்தும் பிழைக்கிறார்கள். மண்டியிலும் நியாயவிலைக் கடையிலும் காய்கறிக் கடையிலும் இன்று மின்னணுத் தராசுதான். முள் அசைவதைப் பார்த்து எடை அறிந்த காலம் போய், ஒளிரும் இலக்கங்களைப் படித்தறியும் காலம் வந்துவிட்டது. படிக்கத் தெரியாதவர்க்கு அத்தராசு ஊமைத் தராசே.

அத்தராசில் 1.500 என்றும் 1.050 என்றும் 1.005 என்றும் மூன்று எண்கள் தோன்றலாம். முதலாவது 1,500 கிராம். இரண்டாவது 1,050 கிராம். மூன்றாவது 1,005 கிராம். கிலோ 40 ரூபாய் என்றால் முறையே 60 ரூபாய், 42 ரூபாய், 40 ரூபாய் 20 பைசா. 1.050-ஐ ஒன்றரைக் கிலோ என்று நம்பி 60 ரூபாய் கொடுத்தவர் இழந்தது 18 ரூபாய். அன்றாடக் கூலிக்காரருக்கு அது சிறு தொகை அன்று. வாரத்திற்கு ஒருமுறை பிள்ளையை அழைத்துக்கொண்டு கடைக்குச் செல்லுங்கள். எடையைப் பிள்ளை படிக்கட்டும், விலையைப் பிள்ளை சொல்லட்டும்.

இதிலிருந்து சுழியத்தைப் பற்றிய ஒரு விதியும் விளங்கும். 1.5, 1.50, 1.500 ஆகிய மூன்றும் ஒன்றே. கடைசியில் வந்த சுழியம் மதிப்பை மாற்றவில்லை. ஆனால் புள்ளிக்கும் இலக்கத்திற்கும் இடையே சுழியம் புகுந்தால், இலக்கம் ஒரு படி கீழே தள்ளப்படுகிறது. முழு எண்ணிலோ கடைசிச் சுழியத்தை விட்டுவிட்டால் 50 என்பது 5 ஆகிவிடும். ஆகவே 'சுழியத்திற்கு மதிப்பில்லை' என்று பொத்தாம் பொதுவாகச் சொல்லிவிடாதீர்கள். அது எந்த இலக்கத்தை எந்த இடத்தில் நிறுத்துகிறது என்று பார்க்கப் பழக்குங்கள்.

பத்தால் பெருக்கினால் கடைசியில் ஒரு சுழியம் சேர்த்துக்கொள் என்று சொல்லித் தருவதும் அவ்வாறே தீங்கு விளைவிக்கும். 2.5-ஐப் பத்தால் பெருக்கி 2.50 என்று பிள்ளை எழுதும். அது பழைய 2.5 தானே? இலக்கங்கள் ஒவ்வொன்றும் இடப்பக்கம் ஒரு படி ஏறுகின்றன என்று சொல்லுங்கள். 2 பத்துகளின் இடத்திற்கும், 5 ஒன்றுகளின் இடத்திற்கும் ஏறினால் 25.

இந்தப் பத்து மடங்கின் பொருள் மருந்தில் இன்னும் கடுமையாகத் தெரியும். குழந்தைக்கான காய்ச்சல் மருந்தின் அளவு மூடியில் 2.5 மில்லிலிட்டர் என்று கோடு இருக்கும். புள்ளியைக் காணாமல் 25 என்று படித்துவிட்டால் பத்து மடங்கு மருந்து குழந்தையின் வயிற்றுக்குள் போய்விடும். தாய்மார்களே, உங்கள் பிள்ளைகளுக்குப் புள்ளியைப் படிக்கக் கற்பிப்பது உயிரைக் காக்கும் கல்வி என்று நான் சொல்வது இதனால்தான்.

தசமம் அல்லாத புள்ளிகள்

எல்லாப் புள்ளியும் தசமப் புள்ளி அன்று. இதைச் சொல்லாமல் விட்டால் பிள்ளைகள் குழம்புவார்கள். மாலை 5.30 மணி என்றால் ஐந்தரை மணி. அங்கே ஒன்றுக்கு அறுபது நிமிடம். கிரிக்கெட்டில் 4.3 ஓவர் என்றால் நான்கு ஓவரும் மூன்று பந்தும். ஓவருக்கு ஆறு பந்து என்பதால், அது உண்மையில் நாலரை ஓவர். தசமத்தில் எழுதினால் 4.5. பந்து விளையாடும் பிள்ளைகளிடம் '4.5 ஓவருக்குப் பின் 4.6 வருமா, 5 வருமா?' என்று கேளுங்கள். 5 என்று உடனே சொல்வார்கள். '0.9-க்குப் பின் பத்தில் ஒன்றைக் கூட்டினால் 0.10 வருமா, 1 வருமா?' என்று அடுத்துக் கேளுங்கள். ஆறு நிறைந்தால் ஓவர், பத்து நிறைந்தால் ஒன்று என்ற உண்மையைப் பிள்ளையே ஒப்பிட்டு உணரும்.

பட்டாவில் உள்ள எண்

பெரியோர்களே, கடைசியாக நிலத்திற்கு வருகிறேன். நிலத்தைச் சென்ட் என்றும் ஏக்கர் என்றும் பேசுகிறோம். ஓர் ஏக்கருக்கு 100 சென்ட். ஆகவே 0.03 ஏக்கர் என்றால் மூன்று சென்ட், 0.30 ஏக்கர் என்றால் முப்பது சென்ட். வருவாய்த் துறை தரும் பட்டாவிலும் சிட்டாவிலும் பரப்பு, ஹெக்டேர் - ஏர் என்று எழுதப்படுகிறது. பத்து மீட்டர் நீளமும் பத்து மீட்டர் அகலமும் உள்ள சதுரம் ஓர் ஏர். அதாவது 100 சதுர மீட்டர். 100 ஏர் ஒரு ஹெக்டேர். ஒரு சென்ட் என்பது ஏறத்தாழ 40.47 சதுர மீட்டர்.

பட்டாவில் 0 - 02.50 என்று இருந்தால் இரண்டரை ஏர், அதாவது 250 சதுர மீட்டர், ஏறத்தாழ 6.18 சென்ட். 0 - 25.00 என்று இருந்தால் 25 ஏர், ஏறத்தாழ 61.8 சென்ட். இலக்கங்கள் அதே 2-உம் 5-உம் தான். இடம் ஒன்று மாறியதால் நிலம் பத்து மடங்கு மாறிவிட்டது. மூன்று சென்ட் மனை என்றால் பட்டாவில் 0 - 01.21 அளவில் இருக்க வேண்டும். உங்கள் வீட்டுப் பெட்டியில் உள்ள தாளை எடுத்துப் பாருங்கள். படிக்கத் தெரிந்த பிள்ளையைக் கொண்டு படிக்கச் சொல்லுங்கள்.

செங்கற்பட்டு மாவட்ட ஆட்சியராக இருந்த ட்ரெமென்ஹீர் நம் மக்களின் நிலைமையைப் பற்றி 1891-இல் அறிக்கை அளித்தார். அதைத் தொடர்ந்து 1892-இல் பிறந்த ஆணையின் வழியே பஞ்சமி நிலங்கள் வழங்கப்பட்டன. அவற்றுள் பெரும்பகுதி பின்னாளில் பிறர் கைக்குச் சென்றுவிட்டதை நாடறியும். வலிமையும் வறுமையும் அதற்குக் காரணங்கள். தாளில் எழுதியிருப்பதைத் தாமே படித்தறிய முடியாத நிலையும் ஒரு காரணம். கணக்கு கற்றுவிட்டால் நிலம் தானே திரும்பிவிடும் என்று நான் சொல்லவில்லை. ஆனால் படித்தறியாத கையெழுத்தும் கைநாட்டும் இனி நம்மிடமிருந்து எதனையும் கொண்டுபோகக் கூடாது.

செய்ய வேண்டியவை

அரசும் அடிப்படைக் கணக்கின் இன்றியமையாமையை உணர்ந்து, பெருந்தொற்றுக் காலத்தில் பள்ளிகள் மூடப்பட்டதால் நேர்ந்த இழப்பை ஈடுசெய்ய 2022-இல் 'எண்ணும் எழுத்தும்' திட்டத்தைத் தொடங்கியது. பள்ளி தன் பணியைச் செய்யட்டும். மாலையில் நாம் செய்யக்கூடியவை சில உள்ளன.

படிப்பகத்துக்கு வரும் ஒவ்வொரு பிள்ளையிடமும் நான்கு கேள்விகளைக் கேளுங்கள். நூற்றைந்தை எழுது. 0.3 பெரிதா, 0.25 பெரிதா? 2.5-ஐப் பத்தால் பெருக்கினால் என்ன? 0.9-க்குப் பின் பத்தில் ஒன்றைக் கூட்டினால் என்ன? விடை சரியானாலும் தவறானாலும் 'எப்படிக் கண்டுபிடித்தாய்?' என்று கேளுங்கள். பிள்ளை சொல்லும் காரணத்தில்தான் நாம் தொடங்க வேண்டிய இடம் இருக்கிறது. நான்கிற்கும் சரியாகச் சொன்ன பிள்ளையை இன்னொரு பிள்ளைக்குச் சொல்லிக் கொடுக்க வையுங்கள். ஈர்க்குக் கட்டு, அட்டை, காகிதப் பட்டை ஆகியவற்றை விடுமுறையில் நீங்களே செய்து வையுங்கள். செலவு மிகச் சிறிது. கணக்கில் தடுமாறும் பிள்ளையை ஒருபோதும் பிறர் முன்னிலையில் இழிவாகப் பேசாதீர்கள். இழிசொல் கேட்டு வளர்ந்த தலைமுறைகள் நமக்கு முன் பல உண்டு. நம் படிப்பகத்தில் அது தொடரலாகாது.

அடுத்த ஆண்டு இதே நாளில், நம் தெருக்களில் ஐந்தாம் வகுப்பு முடிக்கும் ஒவ்வொரு பிள்ளையும் கடைத் தராசையும் மருந்து மூடியையும் வீட்டுப் பட்டாவையும் பிறர் துணையின்றிப் படித்துச் சொல்ல வேண்டும். வெள்ளி விழாக் காணும் சங்கத்தின் இளைஞர்களிடம் நான் கேட்பது இதுவே.